நிலவைத் தேடியவர் கண்ட விண்மீன்

வானத்தை எக்ஸ் கதிர்களாற் பார்க்கக் கற்றுத்தந்த ரிக்கார்டோ ஜியாக்கோனியின் ஆராய்ச்சி வாழ்வு

1962ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆந் திகதி. நள்ளிரவுக்கு இன்னும் ஒரு நிமிடமே இருந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், வைற் சான்ட்ஸ் என்னும் பாலைநிலத்திலிருந்து ஒரு சிறிய ரொக்கற் சீறிக்கொண்டு மேலெழுந்தது. அன்று பூரணைக்கு மறுநாள் இரவு. ரொக்கற்றின் தலைப்பகுதியில் வைக்கப்பட்டிருந்த கருவிக்கு இடப்பட்ட பணியும் அந்த நிலவைப் பற்றியதே. சந்திரனுடைய தரையிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருகின்றனவா என்று அது பார்த்துச் சொல்லவேண்டும்.

ரொக்கற் 225 கிலோமீற்றர் உயரஞ் சென்று திரும்பி விழுந்தது. கருவி வானத்தைப் பார்ப்பதற்குக் கிடைத்த நேரம் 350 செக்கன்கள். ஆறு நிமிடத்திற்குங் குறைவு. அடுப்பில் ஏற்றிய கேத்தலில் தண்ணீர் கொதிக்க எடுக்கும் நேரம். அந்த நேரத்துக்குள் சந்திரனிடமிருந்து குறிப்பிடத்தக்க விடை யாதுங் கிடைக்கவில்லை. ஆனால், சந்திரன் இல்லாத வேறொரு திசையிலிருந்து எவரும் எதிர்பாராத வலிமையோடு எக்ஸ் கதிர்கள் வந்து கொட்டின.

இந்த முயற்சியை முன்னின்று நடத்தியவருக்கு அப்போது வயது 30. அவர் பெயர் ரிக்கார்டோ ஜியாக்கோனி. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2002இல், அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசின் பாதிப்பங்கு வழங்கப்பட்டது. மறுபாதியை நியூத்திரினோ ஆராய்ச்சிக்காக றேமண்ட் டேவிஸ், மசத்தோஷி கொஷிபா ஆகிய இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

ஒன்றைத் தேடப்போய் மற்றொன்றைக் கண்டவர் என்று ஜியாக்கோனியைச் சொல்லிவிடுவது எளிது. ‘அதிர்ஷ்டம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஆறு நிமிடங்களுக்கு முன்னே இருந்த உழைப்பையும் பின்னே வந்த முப்பத்தேழு ஆண்டுக் காத்திருப்பையும் பார்ப்போருக்கு அச்சொல் நாவில் வராது.

காற்றே காவல், காற்றே திரை

ஆஸ்பத்திரியில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள் பலர் நம்மிடையே உளர். தசையை ஊடுருவிச் செல்லும் அக்கதிர் வெறுங் காற்றை ஊடுருவாதா என்ற ஐயம் வாசகருக்கு எழக்கூடும். காற்று மெல்லியதுதான், ஆனால் நமது தலைக்குமேல் நிற்கும் வளிமண்டலம் முழுவதையுஞ் சேர்த்து நிறுத்தால், அது பத்து மீற்றர் உயரமான தண்ணீருக்கு ஒப்பாகும். அத்துணைத் தடிப்பான சுவரை வானத்து எக்ஸ் கதிர் எதுவுங் கடந்து தரைக்கு வருவதில்லை. உயிர்களுக்கு இது பெரிய காவல். வானியல் அறிஞருக்கோ இது விலக்கமுடியாத திரை. கலீலியோ காலந்தொட்டு எத்தனை பெரிய தொலைகாட்டிகளைத் தரையிலே கட்டினாலும், எக்ஸ் கதிர் வானம் என்ற ஒன்று உண்டு என்பதே மனிதனுக்குத் தெரியாமல் இருந்தமைக்குக் காரணம் இதுவே.

இரண்டாவது உலகப் போருக்குப் பின்னர் ரொக்கற்றுகள் விஞ்ஞானிகளின் கைக்கு வந்தன. 1949இல் ஹேர்பேர்ட் பிரீட்மன் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர், போரிலே ஜெர்மனி பயன்படுத்திய வி-2 வகை ரொக்கற்றில் கருவிகளை ஏற்றி அனுப்பி, சூரியனிடமிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதை உறுதிசெய்தனர். ஆனால் அக்கதிர்களின் வலிமை, சூரியன் தரும் ஒளியில் ஏறத்தாழப் பத்திலட்சத்தில் ஒரு பங்கே. மிக அண்மையிலுள்ள விண்மீனே நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. சூரியனைப் போன்ற ஒன்றை அத்தூரத்தில் வைத்தால், அதன் எக்ஸ் கதிரை உணர்வதற்கு அக்காலத்துக் கருவிகளைப்போற் பல்லாயிரம் மடங்கு நுட்பமான கருவி வேண்டும். ஆகவே விண்மீன்களை எக்ஸ் கதிரிலே தேடுவது வீண்வேலை என்று அறிவாளிகள் பலர் எண்ணியதில் வியப்பில்லை. கணக்கு அப்படித்தான் சொல்லிற்று.

மலையுச்சியிற் கற்ற பாடம்

ஜியாக்கோனி 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி இத்தாலியின் ஜெனோவா நகரிற் பிறந்தவர். வளர்ந்தது மிலான் நகரில். தாயார் உயர்தரப் பாடசாலையிலே கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியை. மிலான் சர்வகலாசாலையிற் பயின்று 1954இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட துறை அண்டக்கதிர்கள். விண்வெளியிலிருந்து ஓயாது பூமியிலே மோதிக்கொண்டிருக்கும் அதிவேகத் துணிக்கைகளையே அண்டக்கதிர்கள் என்பர்.

இத்துணிக்கைகள் கீழே இறங்கி வரவரக் காற்றில் மோதிச் சிதைந்துவிடும். அவற்றைச் சிதையாமற் பிடிக்க மலையேறவேண்டும். ஆல்ப்ஸ் மலைத்தொடரிலே, கடல்மட்டத்திலிருந்து 3,500 மீற்றர் உயரத்திலிருந்த ஆய்வுக்கூடமொன்றில் ஜியாக்கோனி முகிலறை ஒன்றை நிறுவிக் காத்திருந்தார். முகிலறை என்பது ஈரப்பதன் நிறைந்த ஒரு பெட்டி. அதனுள் துணிக்கை ஒன்று பாய்ந்தால் அது சென்ற வழியிலே நுண்ணிய நீர்த்துளிகள் கோடாகப் படியும். அதனைப் படம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் துணிக்கை எப்போது வருமென்று எவருஞ் சொல்ல முடியாது. இரண்டு ஆண்டுகள் முயன்றும் அவருக்குக் கிடைத்த புரோத்தன் மோதல்கள் ஒரு நூறுகூட இல்லை.

பொறுமை வேண்டுமென்பது இந்த அனுபவம் தந்த பாடங்களில் ஒன்று. அதைவிட ஆழமான பாடமும் அதிலிருந்தது. இயற்கை சிறுகச் சிறுகத் தருவதைச் சிறு பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு ஆயுள் முழுவதுங் காத்திருக்கலாம்; அன்றேற் பாத்திரத்தைப் பெரிதாக்கலாம். ஜியாக்கோனி வாழ்நாள் முழுவதும் பாத்திரத்தைப் பெரிதாக்கும் வழியையே நாடினார்.

விருந்தொன்றிற் பிறந்த எண்ணம்

1956இல் புல்பிறைற் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவுக்குச் சென்ற ஜியாக்கோனி, இந்தியானாவிலும் பிரின்ஸ்ரனிலும் சிறிது காலம் ஆராய்ந்தபின், 1959இல் மசற்சூசெற்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒரு சிறிய விஞ்ஞானக் கம்பனியிற் சேர்ந்தார். அதன் இயக்குநர் சபைக்குத் தலைவராயிருந்தவர் புரூனோ ரொஸி. ரொஸியும் இத்தாலியரே. அண்டக்கதிர் ஆராய்ச்சியில் முன்னணியில் நின்ற அவரை, யூத வமிசத்தவர் என்ற காரணத்தால் 1938இல் முசோலினியின் அரசு சர்வகலாசாலைப் பதவியிலிருந்து நீக்கிற்று. நாடுவிட்டு வந்தவரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது.

1959 செப்டெம்பரில் ரொஸியின் வீட்டிலே ஒரு விருந்து. அங்கே அவர், எக்ஸ் கதிர்களைக் கொண்டு வானத்தைப் பார்த்தால் என்ன என்று இருபத்தேழு வயது ஜியாக்கோனியிடம் சொன்னார். கணக்கு இதற்கு இடங்கொடாது என்பதை ரொஸி அறியாதவரல்லர். ஆயினும் மனிதனுடைய கற்பனையைக் காட்டிலும் இயற்கையின் கற்பனை பெரிது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. எவரும் பார்த்திராத இடத்தை ஒருமுறையேனும் பார்த்துவிடுவது விஞ்ஞானியின் கடமை என்று அவர் கருதினார்.

ஜியாக்கோனி அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டார். அடுத்த சில மாதங்களில் அவர் இரண்டு வழிகளை வகுத்தார். ஒன்று, முன்னையவற்றைக் காட்டிலும் ஐம்பது நூறு மடங்கு நுண்மையுடைய எண்ணுங்கருவியை உடனே செய்து ரொக்கற்றில் அனுப்புவது. மற்றது, காலம் எவ்வளவு சென்றாலும் எக்ஸ் கதிர்களுக்கென்றே ஓர் உண்மையான தொலைகாட்டியைச் செய்து முடிப்பது.

இரண்டாவது எண்ணம் அக்காலத்திற் கதையைப் போன்றது. கண்ணாடியின் முன்னே எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அது தெறித்துத் திரும்பாது, கண்ணாடியினுள்ளே புகுந்துவிடும். ஆனால் குளக்கரையிலே சிறுவர்கள் விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம். தட்டையான ஓட்டுத்துண்டை நேரே தண்ணீரில் எறிந்தால் அமிழ்ந்துபோம். நீர்மட்டத்தை உராய்ந்து செல்லுமாறு சாய்த்து எறிந்தால் துள்ளித் துள்ளிப் போகும். எக்ஸ் கதிரின் இயல்பும் இதுவே. மிக அழுத்தமாக மெருகிட்ட பரப்பை அது உராய்வதுபோல வந்து தொட்டால், தெறித்து ஒரு புள்ளியிற் குவியும். இதற்கேற்ற ஆடி வடிவத்தை 1952இலேயே ஹான்ஸ் வோல்ட்டர் என்ற ஜெர்மானியர் நுணுக்குக்காட்டிக்காக வகுத்திருந்தார். அதனை வானத்தின்பாற் திருப்பலாமென்று ஜியாக்கோனியும் ரொஸியும் 1960இல் எழுதி வெளியிட்டனர். ஆடியை வாயகன்ற குழாய்போலச் செய்யவேண்டும். ஒன்றினுள் ஒன்றாகப் பல குழாய்களைச் செருகினாற் கதிர்களை மிகுதியாகச் சேர்க்கலாம் என்பது அத்திட்டத்தின் சாரம்.

மூன்றாம் முறை

எண்ணம் இருந்தது, பணம் இல்லை. விண்மீன்களை எக்ஸ் கதிரில் தேடுவதற்கு நாசா நிறுவனத்திடங் கேட்டனர், கிடைக்கவில்லை. சந்திரனுக்கு மனிதனை அனுப்பும் பேச்சு அடிபட்ட காலம் அது. அமெரிக்க வான்படையின் ஆய்வுக்கூடம் ஒன்று சந்திரனின் தரை எத்தகையது என்று அறிய ஆவல் கொண்டிருந்தது. சூரியனின் கதிர்கள் சந்திரனிற் படும்போது அங்குள்ள மண் எக்ஸ் கதிர்களை உமிழக்கூடும். அவற்றைக் கொண்டு மண்ணின் கூறுகளை அறியலாம். இதற்கு வான்படை பணந் தந்தது. ஜியாக்கோனியின் குழுவினர் அதனைப் பெற்றுக்கொண்டு, சந்திரனைப் பார்ப்பதற்கும், அதனோடு வானத்தின் பெரும் பகுதியையும் பார்ப்பதற்கும் ஏற்ற கருவியைச் செய்தனர். கருவியின் பார்வையை ஒடுக்காமல் அகல வைத்ததிலேதான் அவர்களுடைய மதிநுட்பம் இருந்தது.

முதலில் அனுப்பிய ரொக்கற் பழுதாயிற்று. 1961 ஒக்டோபரில் இரண்டாவது ரொக்கற் ஒழுங்காக மேலெழுந்தது. ஆனாற் கருவிக்கு முன்னிருந்த கதவு திறக்கவில்லை. ஓராண்டு உழைப்பு இருட்டறைக்குள் அடைபட்டுப் போய்த் திரும்பியது. மூன்றாம் முறைதான் நாம் தொடக்கத்திற் கண்ட ஜூன் மாத இரவு. அன்றும் எண்ணுங்கருவிகளில் இரண்டே சரியாக இயங்கின. இரண்டும் ஒரே செய்தியைச் சொன்னமையே பெரும் பேறாயிற்று.

உடனே அவர்கள் பறையறையவில்லை. மேல் வளிமண்டலத்தில் அலையும் எலத்திரன்கள் கருவியை ஏமாற்றியிருக்குமோ, எண்ணியதிற் பிழையோ என்று துருவித் துருவி ஆராய்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரிலே, ஜியாக்கோனி, கர்ஸ்கி, பவோலினி, ரொஸி என்னும் நால்வர் பெயரில் அது அச்சாகி வெளிவந்தது. 1962 ஒக்டோபரில் மீண்டும் ஒரு ரொக்கற் சென்றது. அப்போது அந்த வான்பகுதி அடிவானத்துக்குக் கீழே இருந்தது; முன்பு கண்ட வலிய கதிர் அங்கே இல்லை. 1963 ஜூனில் அப்பகுதி திரும்பி வந்தபோது கதிருந் திரும்பி வந்தது. ஆகவே அது பூமியைச் சார்ந்ததன்று, விண்மீன்களிடையே உள்ளதென்பது தெளிவாயிற்று. பிரீட்மனின் குழுவும் 1963 ஏப்பிரலில் வேறு கருவியால் அதனை உறுதிப்படுத்திற்று.

அது இருக்குமிடம், நமது பஞ்சாங்கத்திலும் இடம்பெற்றுள்ள விருச்சிகம் என்னும் தேள் வடிவ விண்மீன் கூட்டம். ஆதலின் அதற்கு ‘விருச்சிகம் எக்ஸ்-1’ என்று பெயரிட்டனர். 1966இல் தொலைகாட்டியாற் பார்த்தபோது, அவ்விடத்தில் வெறுங் கண்ணுக்குத் தெரியாத மங்கலான நீலப் புள்ளி ஒன்றே காணப்பட்டது. சூரியனில் ஒளி மிகுதி, எக்ஸ் கதிர் மிகச் சிறிது. இங்கோ எல்லாந் தலைகீழ். ஒளியைக் காட்டிலும் எக்ஸ் கதிர் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இத்துணைச் சக்தி எங்கிருந்து வருகிறது? விஞ்ஞானிகளுக்கு விடை தெரியவில்லை.

‘சுதந்திரம்’ என்னும் செய்மதி

ஆறு நிமிடப் பார்வையால் இவ்வினாவுக்கு விடை காண முடியாது. 1963 செப்டெம்பரில் ஜியாக்கோனி நாசாவிடம் ஒரு நீண்ட திட்டத்தைக் கொடுத்தார். மேலும் ரொக்கற்றுகள், பின்னர் வானம் முழுவதையுந் துழாவும் ஒரு செய்மதி, பின்னர் தொலைகாட்டிகள், முடிவில் 1.2 மீற்றர் அகலமுள்ள பெருந் தொலைகாட்டி எனப் படிப்படியாக அதிற் குறித்திருந்தார். ஒரேயொரு விண்மீனைக் கண்டுபிடித்தவர், ஒரு புதிய சாஸ்திரத்திற்கே ஒழுங்கு வகுத்துவிட்டார்.

செய்மதி 1970 டிசம்பர் 12ஆந் திகதி ஏவப்பட்டது. கென்யா நாட்டின் கரைக்கப்பால், கடலிலே தூண்கள்மேல் நிற்கும் இத்தாலிய ஏவுதளமே அது புறப்பட்ட இடம். அன்று கென்யாவின் சுதந்திர தினம். திட்டத்தை நிருவகித்த மார்ஜரி டவுன்சென்ட் அம்மையார், சுவாகிலி மொழியிற் சுதந்திரம் எனப் பொருள்படும் ‘உகூரு’ என்ற சொல்லையே செய்மதிக்குப் பெயராக்கினார்.

இரண்டேகால் ஆண்டுக்குள் உகூரு தந்த பட்டியலில் 339 எக்ஸ் கதிர் ஊற்றுக்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று தென்வானிலுள்ள சென்ரோரஸ் மண்டலத்தைச் சார்ந்தது. அது 4.8 செக்கனுக்கு ஒருமுறை நாடிபோலத் துடித்தது. 2.1 நாளுக்கு ஒருமுறை முற்றாக மறைந்து திரும்பவும் வந்தது. ஒரு பெரிய விண்மீனைச் சிறிய பொருளொன்று சுற்றிவருகிறது, அதன் பின்னே செல்லும்போது மறைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மற்றொன்றும் தெரிந்தது. சுழலும் பம்பரம் நாளடைவில் தளர்வதே இயல்பு. இந்தத் துடிப்போ காலப்போக்கில் வேகங்கொண்டது. அப்படியானால் வெளியிலிருந்து எதுவோ வந்து அதனைச் சுழற்றுகிறது. பெரிய விண்மீனின் வாயு, அருகிலுள்ள சிறு பொருளின் ஈர்ப்பில் அகப்பட்டுச் சுழன்று சுழன்று அதன்மேல் விழுகிறது. விழும் வேகத்தாற் கோடிக்கணக்கான பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களைக் கக்குகிறது.

அந்தச் சிறு பொருள் நியூத்திரன் விண்மீன். சூரியனை ஒத்த நிறையுடையது. குறுக்களவோ ஏறத்தாழ 20 கிலோமீற்றர். காலையிற் புறப்பட்டால் மதியத்துக்குள் நடந்து முடித்துவிடும் தூரம். அதன்மேல் விழும் ஒரு பிடி வாயு, அதே அளவு ஐதரசன் அணுக்கரு இணைவிலே தரும் சக்தியைப்போற் பத்து மடங்குக்கு மேல் தரும். விருச்சிகத்தின் புதிருக்கும் இதுவே விடையாயிற்று.

அன்னம் என்னும் மண்டலத்திலுள்ள இன்னோர் ஊற்று ஒழுங்கின்றி மினுங்கியது. அதற்குத் துணையான விண்மீன் 5.6 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றிவருவதை வேறு வானியலாளர் கண்டனர். அந்த ‘எதுவோ’ நியூத்திரன் விண்மீனாக இருக்கமுடியாத அளவு நிறை மிக்கது. 2021இல் வெளியான கணிப்பின்படி 21 சூரியன்களின் நிறை. கருந்துளை என்று விஞ்ஞானிகள் முதன்முதலில் ஏற்றுக்கொண்ட பொருள் அதுவே.

கப்பலிலே செய்த கணக்கு

இவ்விடத்தில் வேறொருவரை நாம் நினைவுகூரவேண்டும். 1930இல், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்ற பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், கப்பற் பயணத்திலே ஒரு கணக்கைச் செய்து பார்த்தார். எரிந்து முடிந்த விண்மீன் சுருங்கி ‘வெண்குறள்’ என்னும் சிறு விண்மீனாகி ஓய்வுபெறும் என்று அறிஞர் நம்பியிருந்தனர். நிறை ஓர் எல்லையைக் கடந்தால் அந்த ஓய்வு அதற்குக் கிடையாது, மேலுஞ் சுருங்கியே தீரும் என்று இளைஞரின் கணக்குச் சொல்லிற்று. இன்று அந்த எல்லை 1.4 சூரிய நிறை என்று கொள்ளப்படுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அவ்விளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1935இல் இலண்டனில் அறிஞர் சபை முன்னிலையில் எடிங்டன் என்னும் பெரும் புலவர் அக்கருத்தை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் மனம் நொந்தாலும் தளர்ந்துவிடாமல், அமெரிக்கா சென்று வேறு துறைகளில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

அவருடைய கணக்கு எல்லைக்கு அப்பால் எதுவோ உண்டு என்று சுட்டிக்காட்டியது. அந்த அப்பாலில் இருப்பவை நியூத்திரன் விண்மீன்களும் கருந்துளைகளுமே. அவை பெருந்தொகையாகக் கண்ணுக்குப் புலனானது எக்ஸ் கதிர் வானியலால். ஒருவர் தாளிலே கண்டதை மற்றவர் வானிலே கண்டார் எனலாம்.

முப்பத்தாறு ஆண்டு

நிற்க, 1963இல் எழுதிய அந்தத் திட்டத்தின் கடைசி வரி என்னவாயிற்று? பெருந் தொலைகாட்டி அறுபதுகளின் முடிவிலேயே பறக்குமென்று ஜியாக்கோனி நினைத்திருந்தார். 1973இல் ஹாவார்ட் - ஸ்மித்சோனியன் ஆய்வுநிலையத்துக்கு அவர் தம் குழுவினரோடு இடம்மாறினார். அவ்வாண்டிலேயே நாசா பணநெருக்கடியால் அத்திட்டத்தை நிறுத்திவைத்துப் பின்னர் பாதியாகச் சுருக்கிற்று. சுருங்கிய அந்தத் தொலைகாட்டிதான் 1978 நவம்பர் 13ஆந் திகதி விண்ணேறிய ‘ஐன்ஸ்ரைன்’. சிறிதாயினும் அது பெருஞ் சாதனை புரிந்தது. புள்ளிகளாக எண்ணப்பட்டவை முதன்முறையாகப் படங்களாயின. சாதாரண விண்மீன்கள், வெடித்த விண்மீன்களின் எச்சங்கள், விண்மீன்தொகுதிகள் எல்லாமே எக்ஸ் கதிரில் ஒளிர்வது தெரிந்தது. மேலும், அத்தொலைகாட்டியைத் தம் குழுவுக்கென்று பூட்டி வைக்காமல், பிற வானியலாளரும் விண்ணப்பித்துப் பயன்படுத்த வழிசெய்தனர். அதற்குமுன் எக்ஸ் கதிர் வானியல் ஒரு சிலரின் தனித்தொழில்; அதற்குப்பின் அது பொதுச்சொத்து.

ஐன்ஸ்ரைன் பறப்பதற்கு முன்பே, 1976இல், ஜியாக்கோனியும் அவருடைய சகபாடி ஹார்வி தனன்போமும் 1.2 மீற்றர் தொலைகாட்டிக்காக மீண்டும் விண்ணப்பித்தனர். ஆண்டுகள் சென்றன. 1981இல் ஜியாக்கோனிக்கு வேறு அழைப்பு வந்தது. ஹபிள் விண்தொலைகாட்டியின் விஞ்ஞானப் பணிகளுக்கென பால்ரிமோர் நகரில் அமைந்த நிறுவனத்துக்கு முதல் இயக்குநரானார். தாம் பெற்றெடுத்த திட்டத்தை நண்பர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். 1993 முதல் 1999 வரை ஐரோப்பிய நாடுகளின் தென்வான் ஆய்வகத்துக்குத் தலைவராகி, சிலி நாட்டு மலையொன்றிலே 8.2 மீற்றர் ஆடிகள் கொண்ட நான்கு தொலைகாட்டிகளை எழுப்பும் பணியை நடத்தினார். எக்ஸ் கதிரில் அவர் கற்ற ஒழுங்கு பிற வானியலுக்கும் பயன்பட்டது. கருவி செய்யுமுன்பே அதனை இயக்கும் முறை, தரவுகளைச் சேமிக்கும் முறை, பிறருக்குக் கொடுக்கும் முறை யாவற்றையும் வகுத்துவிடவேண்டும் என்பதே அந்த ஒழுங்கு.

இதற்கிடையில் 1992இற் செலவைக் குறைப்பதற்காக எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியின் ஆடிகளைப் பன்னிரண்டிலிருந்து எட்டாக வெட்டினர். எப்படியோ அது உயிர் தப்பிற்று. 1999 ஜூலை 23ஆந் திகதி, விண்ணோடத்திற்குத் தலைமைதாங்கிய முதற் பெண்மணியான எய்லீன் கொலின்ஸின் பொறுப்பில், ‘கொலம்பியா’ அதனை மேலே கொண்டுசென்றது. நீள்வட்டப் பாதையில் அது பூமியிலிருந்து, சந்திரனுக்குள்ள தூரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் விலகிச் சென்று திரும்பும்.

அதற்குப் பெயரிட ஒரு போட்டி நடத்தினர். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எழுதினர். தெரிவானது ‘சந்திரா’ என்ற பெயர். 1995இற் காலமான சந்திரசேகரை நண்பர்கள் அழைத்த பெயர் அது. வடமொழியில் அதன் பொருள் நிலவு.

பதினொன்றரை நாட்பார்வை

1962ஆம் ஆண்டு அந்த ரொக்கற் விருச்சிகத்தின் ஊற்றோடு வேறொன்றையுங் கண்டிருந்தது. எத்திசையிற் பார்த்தாலும் மெல்லிய எக்ஸ் கதிர்ப் பரப்பொன்று வானமெங்கும் பரவியிருந்தது. புகார் போன்ற அப்பரப்பு எதனாலானது என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை இல்லை.

சந்திரா மேலே சென்றபின், அறுபத்தெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த ஜியாக்கோனி தம் பழைய கேள்வியிடம் திரும்பி வந்தார். தென்வானிலே ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும் ஒரு சிறு பகுதியைத் தெரிந்தெடுத்து, சந்திராவைப் பத்து இலட்சம் செக்கன்கள் அதன்மேல் நிறுத்தினர். அஃதாவது பதினொன்றரை நாள். 2001இல் வெளியான முடிவுகளிலே, அந்தப் ‘புகாரின்’ பெரும்பகுதி நூற்றுக்கணக்கான தனிப்புள்ளிகளாகப் பிரிந்து நின்றது. அவற்றுட் பெரும்பாலானவை மிகத் தூரத்து விண்மீன்தொகுதிகளின் நடுவே, வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் பேரளவான கருந்துளைகள்.

முப்பது வயதில் ஆறு நிமிடப் பார்வையில் எழுந்த கேள்விக்கு, எழுபதை நெருங்கும் வயதிற் பதினொன்றரை நாட்பார்வையால் அவரே விடை கண்டார். இடையே கருவிகளின் நுண்மை நூறு கோடி மடங்குக்கும் மேலாக வளர்ந்திருந்தது. தாம் தொடக்கிவைத்த சாஸ்திரம் முதிர்ந்து பயன்தருவதைத் தம் கண்ணாலேயே காணும் பேறு ஆராய்ச்சியாளர் பலருக்குக் கிட்டுவதில்லை. ஜியாக்கோனிக்குக் கிட்டியது. 2018 டிசம்பர் 9ஆந் திகதி, 87ஆவது வயதில், அவர் காலமானார். ஐந்து ஆண்டுக்கென்று அனுப்பிய சந்திராவோ, 2024இல் இருபத்தைந்தாம் ஆண்டை நிறைவுசெய்தது.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்பட்டதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் முறையன்று. வான்படை பணந் தந்தது சந்திரனின் எக்ஸ் கதிரை அறிவதற்கன்றோ? முதலில், 1971லும் 1972லும் அப்பலோ பயணங்கள் சந்திரனைச் சுற்றிவந்து அக்கதிர்களை அளந்தன. பின்னர் 2001 ஜூலையில், சந்திரா தொலைகாட்டி தன் பெயருக்குரிய சந்திரனை நோக்கித் திரும்பிற்று. அதன் மண்ணிலுள்ள ஒட்சிசன், மகனீசியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவை உமிழும் எக்ஸ் கதிர்களை அது தெளிவாகக் கண்டது. அன்று எழுதிக்கொடுத்த வாக்குறுதி ஒருவாறு நிறைவேறியது.

நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும்போது, கேள்வி ஒன்றுக்கு விடையும் ஒன்றே எனப் பழகிவிடுகிறார்கள். கேட்ட கேள்விக்கு விடை வராமல், கேளாத கேள்விக்கு விடை வந்து நின்றால் அதனைத் தோல்வி என்று எறிந்துவிடாத மனம் வேண்டும். கண்ணை அகலத் திறந்து வைத்திருக்கவும் வேண்டும். கதவு திறவாத நாளில் மீண்டும் ரொக்கற்றை ஆயத்தஞ் செய்யவும் வேண்டும். அந்த இரண்டும் கூடிய இடத்தையே உலகம் அதிர்ஷ்டம் என்று அழைக்கிறது.